ஒட்டுண்ணியின் பசியும் பெராக்சைடு மருந்தும்

ஆர்ட்டிமிசினின் மூலக்கூறில் 15 கார்பன், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அந்த ஐந்து ஆக்சிஜன்களில் இரண்டு மட்டும் ஒன்றையொன்று நேரடியாகப் பற்றிக்கொண்டு வளையத்தின் குறுக்கே பாலம்போல் கிடக்கின்றன. இப்படி இரண்டு ஆக்சிஜன்கள் ஒற்றைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும் அமைப்புக்கு வேதியியலில் பெராக்சைடு என்று பெயர். புண்ணில் ஊற்றினால் நுரைத்துவரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இந்த இனம்தான். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலுள்ள ஒற்றைப் பிணைப்பை அறுக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜன்களுக்கு இடையிலுள்ள பிணைப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம். இன்று உலகெங்கும் மலேரியாவுக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்துக் குடும்பத்தின் வேலை முழுவதும், இந்த வலுவற்ற பிணைப்பு எங்கே அறுகிறது, எது அதை அறுக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. பாலத்தில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டால் கிடைப்பது டிஆக்சிஆர்ட்டிமிசினின். உருவத்தில் அது ஏறக்குறைய அதே மூலக்கூறு. ஒட்டுண்ணியிடம் அதன் ஆட்டம் பலிப்பதில்லை.

அறுக்கும் கத்தி ஒட்டுண்ணியின் சாப்பாட்டிலேயே இருக்கிறது. மனித ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்த பிளாஸ்மோடியம் அங்கே சுமார் 48 மணி நேரம் வாழ்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குளிர்காய்ச்சலுக்கு முறைக்காய்ச்சல் என்று நாட்டுப்புறத்தில் பெயர் வந்தது இந்தக் கணக்கால்தான். அந்த இரண்டு நாளில் அது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் 60 முதல் 80 விழுக்காடுவரை தின்று தீர்த்துவிடுகிறது. சிவப்பணுவின் திரவத்தை வாய் போன்ற ஒரு மடிப்பால் உறிஞ்சி, அமிலம் நிறைந்த செரிமானக் குமிழ் ஒன்றுக்குள் கொண்டுபோய், பிளாஸ்மெப்சின், ஃபால்சிபெய்ன் முதலிய நொதிகளால் புரதத்தை வெட்டுகிறது. குளோபின் பகுதி அமினோ அமிலங்களாக உடைந்து உணவாகிறது. மிஞ்சுவது ஹீம், அதாவது நடுவில் இரும்பு அணு அமர்ந்திருக்கும் தட்டையான வளையம். ஒட்டுண்ணியால் அதைச் செரிக்க முடியாது. அப்படியே விட்டுவைத்தால் அது சவ்வுகளைப் பொத்தலாக்கும் நஞ்சு. ஆகவே ஹீம்களை ஒன்றோடொன்று அடுக்கி, கரையாத பழுப்புநிறப் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. ஹீமோசோயின் எனப்படும் இந்தக் கழிவைத்தான் ரத்தத் தடவலை நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதகர் கரும்புள்ளிகளாகக் காண்கிறார். 1880ல் அல்ஜீரியாவில் லவரான் ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தபோது அவர் கண்ணைப் பறித்ததும், 1897 ஆகஸ்டில் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் பார்த்து அடையாளம் கண்டதும் இந்த நிறமிதான். மலேரியா ஆராய்ச்சியின் முதல் துப்பும் பின்னால் வந்த மருந்துகளின் இலக்கும் ஒரே கழிவுப்பொருளாக அமைந்தது வியப்பான ஒற்றுமை.

காவிரிப் படுகையில் இந்த ஒட்டுண்ணிக்குத் தனிக் கதை உண்டு. மேட்டூர் அணை 1934ல் திறக்கப்பட்டது. அதே திட்டத்தில் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாய், தஞ்சாவூர்க்காரர்கள் இன்றும் புது ஆறு என்றே சொல்வது, பழைய டெல்டாவுக்குத் தெற்கே வானம் பார்த்துக் கிடந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து நிலங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோனது. தண்ணீரோடு மலேரியாவும் போனது. ராக்ஃபெல்லர் நிறுவனத்தின் சார்பில் சென்னை மாகாணத்துக்கு வந்த பால் ரஸ்ஸல், பொறியாளர் நைப், பூச்சியியலர் டி. ராமச்சந்திர ராவ் ஆகியோர் 1930களின் பிற்பகுதியிலிருந்து பட்டுக்கோட்டை வட்டாரத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். நெல்வயலே குற்றவாளி என்ற பொதுநம்பிக்கை அவர்கள் கணக்கில் நிற்கவில்லை. இங்கே நோயைக் கடத்தும் அனோஃபிலிஸ் குலிசிஃபேசீஸ் கொசு, நடவு முடிந்த புதிதில் வயலில் முட்டையிடும். பயிர் ஓரடி உயரத்தைத் தாண்டியதும் அந்தப் பக்கம் வருவதில்லை. நிழலா காரணம், தாள்கள் நெருங்கி வழியை மறிப்பதா என்று தனியே சோதித்துப் பார்த்ததில், நீர்ப்பரப்பில் நெருக்கமாக நிற்கும் தடைதான் முட்டையிட வரும் கொசுவை விரட்டுகிறது என்று தெரிந்தது. உண்மையான கொசுப் பண்ணைகள் வேறு: கரைக்கு மண் எடுத்துவிட்டு மூடாமல் போட்ட குழிகள், கால்வாய்க் கசிவு தேங்கிய பள்ளங்கள், தண்ணீர் நின்ற தரிசுகள். ரஸ்ஸல் 1938ல் எழுதிய கட்டுரை, ஒழுங்கற்ற பாசனமே நோய்க்கு ஊற்று என்று தலைப்பிலேயே குற்றம் சாட்டியது. வயலை இடைவிட்டு உலரவிட்டு நீர் பாய்ச்சும் முறையையும் அவர்கள் தென்னிந்திய நெல்வயல்களில் சோதித்தார்கள். விவசாயிகள் அதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். காய்ச்சலை நிறுத்தக் காய்ச்சல் முறையே உதவுகிறது என்பது தமிழ் மட்டும் தரக்கூடிய சிலேடை.

அக்காலத்தில் நோயின் பரவலை அளந்தது சிறுவர்களின் வயிற்றைத் தொட்டுப்பார்த்துத்தான். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் தட்டுப்படும் பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை என்பதே ஊரின் மலேரியா அளவுகோல். வீடுகளுக்குள் பைரித்ரம் தெளித்து முதிர்ந்த கொசுக்களைக் கொல்லும் முறையைப் பட்டுக்கோட்டைக் கிராமங்களில் அவர்கள் செய்துகாட்டினார்கள், டி.டி.டி. வருவதற்கு முந்தைய காலம் அது. பைரித்ரம் சாமந்திக் குடும்பத்துப் பூவிலிருந்து எடுக்கப்படுவது. ஆர்ட்டிமிசினின் தரும் ஆர்ட்டிமிசியா அன்னுவாவும் அதே குடும்பம். தஞ்சாவூர்க் கதம்பத்தில் வாசத்துக்காக வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து இன்னும் நெருங்கிய உறவு. அதுவும் ஆர்ட்டிமிசியா பேரினத்தைச் சேர்ந்ததே. உறவு என்பதற்காக மரிக்கொழுந்தைக் கஷாயம் வைத்தால் மலேரியா போய்விடாது.

அந்த நாளில் கையில் இருந்த மருந்து கொய்னா. 1860களில் நீலகிரியில் நடப்பட்ட சின்கோனா மரங்களின் பட்டையிலிருந்து, நடுவட்டத்தில் இயங்கிய அரசு ஆலையில் அது தயாரானது. கொய்னாவும் பின்னால் வந்த குளோரோகுயினும் பெராக்சைடுகள் அல்ல. என்றாலும் அவை அடிப்பதும் ஒட்டுண்ணியின் அதே குப்பைக்கிடங்கைத்தான். குளோரோகுயின் செரிமானக் குமிழுக்குள் குவிந்து, ஹீம் படிகமாவதைத் தடுக்கிறது. ஒதுக்க முடியாத ஹீம் ஒட்டுண்ணியையே கொல்கிறது. கழிவு வாய்க்காலை அடைத்து வீட்டை நாறவைக்கிற உத்தி. பெராக்சைடு மருந்து வாய்க்காலை அடைப்பதில்லை. கழிவையே திரியாக வைத்துத் தன்னைக் கொளுத்திக்கொள்கிறது.

அந்த மருந்து கிடைத்தது போர்க்காலத் தேவையால். குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் மலேரியா வியட்நாம் போரில் படைகளைச் சாய்த்தபோது, 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு 523 என்று பெயர். பெய்ஜிங்கில் தூ யூயூவின் குழு பழைய வைத்திய நூல்களைச் சலித்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹோங் எழுதிய குறிப்பில், ஆர்ட்டிமிசியாப் பச்சிலையைக் கொதிக்கவைக்காமல் நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்லியிருந்தது. சூட்டில் மருந்து கெடுகிறதோ என்ற ஐயத்தில் குறைந்த வெப்பத்தில் ஈதரால் வடித்தார்கள். 1971 அக்டோபரில் கிடைத்த சாறு எலியின் மலேரியாவை முற்றாக நீக்கியது. 2015ல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு. இதில் ஒரு நுட்பம் உண்டு. தூய ஆர்ட்டிமிசினின் படிகம், பெராக்சைடு என்ற நிலையிலும், சுமார் 156 டிகிரியில் உருகும்வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் நீரில் மிக அரிதாகவே கரையும். கொதிநீர்க் கஷாயம் தோற்றதற்கு இந்தக் கரையாமையும் துணைநின்றிருக்கும். நீரிலும் எண்ணெயிலும் சரியாகக் கரையாத இந்தக் குறையைத் தீர்க்கவே ஆர்ட்டிசுனேட், ஆர்ட்டிமீத்தர் முதலிய வழிவடிவங்கள் வந்தன. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் ஆர்ட்டீத்தர் என்ற ஊசிமருந்தை உருவாக்கியது. எல்லாவற்றிலும் பாலம் மட்டும் மாறவில்லை.

பாலம் அறுகிற விதத்தை வேதியியலர்கள் ஓரளவு தெளிவாகவே வரைந்துவிட்டார்கள். ஃபெரஸ் நிலையில் இருக்கும் இரும்பு ஓர் எலக்ட்ரானைப் பெராக்சைடுக்குக் கொடுக்கிறது. பிணைப்பு உடைந்து, ஓர் ஆக்சிஜன் இரும்போடு ஒட்டிக்கொள்ள, மற்றொன்று இணை இல்லாத எலக்ட்ரானோடு தனி உறுப்பாக நிற்கிறது. ஆக்சிஜன் மீதுள்ள அந்த நிலை நொடியும் நிலைப்பதில்லை. மூலக்கூறு உள்ளுக்குள்ளேயே மடங்கி, அந்தத் தனி எலக்ட்ரானை ஒரு கார்பன் அணுவுக்குத் தள்ளிவிடுகிறது. இப்படிப் பிறக்கும் கார்பன் தனி உறுப்பு அருகே எது கிடைத்தாலும் அதோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்ளும். முதலில் அகப்படுவது பெரும்பாலும் மருந்தை உசுப்பிய ஹீமே. பிரான்சில் ஆன் ரோபேர், பெர்னார் மெனியே இருவரும் ஹீமும் ஆர்ட்டிமிசினினும் ஒட்டிய கலப்பு மூலக்கூறுகளைச் சோதனைக் குழாயிலும், மருந்து கொடுக்கப்பட்ட மலேரியா எலிகளின் உடலிலும் கண்டார்கள். நோயற்ற எலிகளில் அவை இல்லை.

இரும்புதான் திறவுகோல் என்பதற்குச் சான்றுகள் பல திசைகளிலிருந்து வந்தன. இரும்பைப் பிடித்துவைக்கும் டெஸ்ஃபெரியாக்சமினைச் சேர்த்தால் மருந்தின் வீரியம் குறைகிறது; அமெரிக்காவின் ஸ்டீவன் மெஷ்னிக் 1990களில் இதைத் தொடர்ந்து காட்டினார். ஹீமோகுளோபினை வெட்டும் ஃபால்சிபெய்ன் நொதியைத் தடுத்தாலும் ஒட்டுண்ணி மருந்திலிருந்து தப்புகிறது: சாப்பிடாதவனுக்கு விஷம் ஏறவில்லை. செரிமானக் குமிழில் ஹீமைப் பிடித்துக்கொள்ளும் குளோரோகுயினை ஆர்ட்டிமிசினினோடு சேர்த்தால் ஆய்வகத்தில் இரண்டும் ஒன்றையொன்று மட்டுப்படுத்துகின்றன. இன்னொரு வாதம் மூலக்கூறின் கைத்தன்மையிலிருந்து வருகிறது. பூட்டுக்குச் சாவிபோல ஒரே ஒரு புரதத்தில் பொருந்தி வேலைசெய்யும் மருந்தின் கண்ணாடி பிம்பம் வழக்கமாகச் செயலிழந்திருக்கும். செயற்கைப் பெராக்சைடுகள் சிலவற்றில் இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் ஒரே வீரியத்தோடு கொன்றன. குறிவைத்து எய்யும் அம்பைவிடக் கைவெடிகுண்டுக்கு நெருக்கமான ஆயுதம் இது.

இருந்தும் குறிவைத்த இலக்கைத் தேடும் முயற்சி எளிதில் ஓயவில்லை. 2003ல் லண்டனில் சஞ்சீவ் கிருஷ்ணா குழு, ஒட்டுண்ணியின் கால்சியம் ஏற்றி PfATP6 எனப்படும் புரதமே இலக்கு என்று அறிவித்தது. அழகான கருதுகோள், சில ஆண்டுகள் எல்லோரும் அதைச் சுற்றியே சோதித்தார்கள். அந்த மரபணுவின் மாற்றங்கள் மருத்துவமனைகளில் காணப்பட்ட எதிர்ப்போடு சீராகப் பொருந்தவில்லை. மெல்ல அது பின்வரிசைக்குப் போனது. ஈஸ்டில் செய்த சோதனைகளிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவே அடிபடும் இடம் என்ற கருத்தும், பாஸ்ஃபாட்டிடைலினோசிட்டால் கைனேஸ் என்ற நொதிதான் இலக்கு என்ற கருத்தும் எழுந்தன. 2015ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வேறு கேள்வியைக் கேட்டது: எது இலக்கு என்று ஊகிப்பதைவிட, மருந்து எவற்றோடெல்லாம் ஒட்டுகிறது என்று எண்ணிவிட்டால் என்ன? ஆர்ட்டிமிசினினில் ஒரு சிறு வேதி வாலை ஒட்டி, ஒட்டுண்ணிக்குள் அனுப்பி, வால் ஒட்டிய புரதங்களைத் தூண்டிலிட்டு இழுத்தார்கள். 124 புரதங்கள் சிக்கின. சர்க்கரையை எரிக்கும் நொதிகள், ஹீமோகுளோபினை வெட்டும் நொதிகள், புதுப் புரதம் செய்யும் இயந்திரங்கள் என்று எல்லாத் துறையிலும் கைவைத்திருந்தது மருந்து. முன்பு தனித்தனியே முன்மொழியப்பட்ட இலக்குகள் பலவும் அந்தக் கூட்டத்தில் இருந்தன. ஒவ்வொருவரும் யானையின் ஒவ்வோர் உறுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

அடிபட்ட புரதங்கள் உருக்குலைகின்றன. உயிரணு அப்படிப்பட்டவற்றுக்கு யுபிக்குட்டின் என்ற முத்திரை குத்தி, புரோட்டியசோம் என்ற அரவை எந்திரத்துக்கு அனுப்பும். மெல்போர்னில் லியான் டில்லியின் குழு 2018ல் காட்டியபடி, ஆர்ட்டிமிசினின் ஒரே நேரத்தில் குப்பையையும் பெருக்குகிறது, அரவையையும் மந்தமாக்குகிறது. முத்திரை குத்திய புரதங்கள் குவிந்து ஒட்டுண்ணி மூச்சுத்திணறிச் சாகிறது. இன்றுள்ள சான்றுகளில் சாவுக்கு மிக அருகில் வரும் விளக்கம் இதுதான். ஹீமோகுளோபினிலிருந்து விடுபட்டதும் ஹீமின் இரும்பு விரைவில் ஃபெரிக் நிலைக்குப் போய்விடும் என்பதால், உசுப்பும் ஃபெரஸ் ஹீம் எங்கே, எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற விவாதம் மட்டும் இன்னும் நடக்கிறது.

ஹீம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒட்டுண்ணி தானாகவும் தயாரிக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சென்னையில் பிறந்த ஜி. பத்மநாபன் பல்லாண்டு உழைத்தது இந்தத் துறையில்தான். அவரும் விஸ்வநாதன் அருண் நாகராஜும் 2013ல் வெளியிட்ட ஆய்வு, ஒட்டுண்ணி தானே செய்யும் ஹீம் கொசுவிலும் கல்லீரலிலும் அதற்கு இன்றியமையாதது, ரத்தத்தில் மனிதனின் ஹீமே போதும் என்று காட்டியது. பத்மநாபன் குழு மஞ்சளிலுள்ள குர்க்குமினை ஆர்ட்டீத்தரோடு சேர்த்துக் கொடுத்து, மலேரியா எலிகளில் நோய் திரும்ப வருவதைத் தடுத்தது. எலியில் கண்ட இந்தப் பலனை வைத்து மஞ்சள் பாலை மாத்திரைக்கு மாற்றாக யாரும் எடுத்துக்கொள்ளலாகாது.

உசுப்புவது ஒட்டுண்ணியின் தீனி என்பதால், தீனி தின்னாத பருவத்தில் மருந்து செல்லாது. கல்லீரல் உயிரணுவுக்குள் ஹீமோகுளோபின் கிடையாது. தமிழ்நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு வகிக்கும் விவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கும் வடிவமாகத் தங்கி, மாதங்கள் கழித்து எழும். ஆர்ட்டிசுனேட் அதைத் தொடுவதில்லை. அதனால்தான் இந்தியாவில் விவாக்ஸுக்கு மூன்று நாள் குளோரோகுயினோடு 14 நாள் பிரைமாகுயினும் எழுதப்படுகிறது. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே மிச்ச மாத்திரையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு நடவுக்குப் போகிறவர்கள், கல்லீரலில் இருக்கும் ஒட்டுண்ணியை மறுபடி வரவழைக்கிறார்கள்.

மாறாக, தீனி கடுமையாக நடக்கும் இடத்தில் மருந்தின் வேகம் மிரட்டுகிறது. 48 மணி நேரச் சுழற்சி ஒவ்வொன்றிலும் ஒட்டுண்ணி எண்ணிக்கை சுமார் 10,000 மடங்கு குறைகிறது. கடும் நோயாளியின் உடலில் ஒரு லட்சம் கோடி ஒட்டுண்ணிகள்வரை இருக்கலாம். ஒரு சுழற்சியில் அது 10 கோடி, அடுத்ததில் 10,000. மூன்று நாள் மருந்து இந்த இரண்டு சுழற்சிகளுக்குத்தான் போதும். உடலில் உருவாகும் செயல்வடிவமான டைஹைட்ரோ ஆர்ட்டிமிசினின் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகக் கரைந்துவிடுகிறது. மருந்து நிறுத்திய மறுநாள் ரத்தத்தில் காவலுக்கு எதுவும் இல்லை. மிஞ்சிய 10,000 பேர் பெருகி வருவதற்குள் அழிக்க, மெதுவாகக் கரையும் துணைமருந்து வேண்டும். இந்தக் கணக்கே கூட்டுமருந்தின் தர்க்கம். தனியாக ஆர்ட்டிமிசினின் மாத்திரை விற்பதை நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2006ல் கேட்டுக்கொண்டது. பின்னர் இந்தியாவும் வாய்வழித் தனி மாத்திரையைத் தடைசெய்தது. இந்தியாவில் ஃபால்சிபாரத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட்டோடு சல்ஃபாடாக்சின்–பைரிமெத்தமைன் சேர்ந்த அட்டை தரப்படுகிறது. வயதுக்கு ஏற்ப அட்டையின் நிறம் மாறும், பெரியவருக்கு வெள்ளை. வடகிழக்கு மாநிலங்களில் துணைமருந்து வலுவிழந்ததால் 2013ல் ஆர்ட்டிமீத்தர்–லூமெஃபாண்ட்ரினுக்கு மாற்றினார்கள். டெல்டாவில் நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்; எனவே விவாக்ஸ் மட்டுமே எதிர்பார்க்கிற ஆரம்ப சுகாதார நிலையமும் இந்த அட்டைகளை வைத்திருக்க வேண்டியதாகிறது.

கடும் மலேரியாவில் வேகம் உயிரையே காக்கிறது. வங்கதேசம், மியான்மர், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் 1,461 நோயாளிகளிடம் நடத்தி 2005ல் வெளியான ஆய்வில், கொய்னா பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் இறந்தார்கள்; ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 15 விழுக்காட்டினர். கொய்னா முதிர்ந்த ஒட்டுண்ணியைத்தான் நன்றாகக் கொல்லும். ஆர்ட்டிசுனேட், மோதிர வடிவிலிருக்கும் இளம் வளையப் பருவத்தையும் கொல்கிறது. அவை முதிர்ந்து மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளும் முன்பே தீர்ந்துபோகின்றன. செத்த வளையங்களைப் பொறுக்கும் வேலை மண்ணீரலுடையது. சிவப்பணுவை அழிக்காமல் உள்ளேயிருக்கும் பிணத்தை மட்டும் பிதுக்கியெடுத்து, அணுவைத் திரும்ப ஓட்டத்தில் விடுகிறது. பட்டுக்கோட்டைப் பிள்ளைகளின் விலாவுக்குக் கீழே ரஸ்ஸல் குழு தொட்டுப்பார்த்த அதே உறுப்புதான் இந்த நுணுக்க வேலையைச் செய்கிறது. இப்படித் தப்பிய சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. அவை ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து மொத்தமாக உடைவதால், ஊசி போட்டுக் குணமானவருக்குத் திடீரென ரத்தசோகை வருவது உண்டு. அது மருந்தின் நச்சு அல்ல, வெற்றியின் மிச்சக் கணக்கு.

ஒட்டுண்ணி எதிர்ப்புக் காட்டக் கண்ட வழி, மேலே சொன்ன வேதியியல் முழுவதற்கும் சிறந்த சான்றாக அமைந்துவிட்டது. கம்போடியாவின் பைலின் பகுதியில் 2008–09 வாக்கில், மருந்து கொடுத்தும் ஒட்டுண்ணிகள் ரத்தத்திலிருந்து மறைய வழக்கத்தைவிட நீண்ட நேரம் எடுத்தன. பாதியாகக் குறைய ஐந்து மணி நேரத்துக்கு மேல். 2014ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த குழு, ஒட்டுண்ணியின் கெல்ச்13 என்ற மரபணுவில் ஏற்படும் சடுதிமாற்றமே இதற்கு அடையாளம் என்று கண்டது. அந்தப் புரதம் என்ன செய்கிறது என்று தெரிய 2020 ஆயிற்று. ஹாம்பர்கில் டோபியாஸ் ஷ்பீல்மன் குழு, சிவப்பணுத் திரவத்தை உறிஞ்சும் அந்த வாய்மடிப்பில்தான் கெல்ச்13 உட்கார்ந்திருக்கிறது என்று காட்டியது. சடுதிமாற்றம் பெற்ற ஒட்டுண்ணி வளையப் பருவத்தில் குறைவாகச் சாப்பிடுகிறது. குறைவான ஹீமோகுளோபின், குறைவான ஹீம், உசுப்பப்படாத மருந்து. ஒரு மணி நேர அரையாயுள் கொண்ட மருந்து கரையும்வரை வாயைக் கட்டிக்கொண்டு பட்டினி கிடந்து, பிறகு சாப்பிடத் தொடங்குகிறது. பட்டினிக்கு விலை உண்டு. மருந்து இல்லாத இடத்தில் இந்த ஒட்டுண்ணி மெதுவாகவே வளர்கிறது. ருவாண்டா, உகாண்டா, எரித்ரியா நாடுகளிலும் இத்தகைய மாற்றங்கள் வேர்விட்டுள்ளன. மேற்கு வங்கத்திலும் இத்தகைய எதிர்ப்பு உண்டு என்று 2018ல் அறிக்கை வந்தது.

வயலிலிருந்து மருந்துக்கடைவரை உள்ள சங்கிலியும் எளிதல்ல. ஆர்ட்டிமிசியா அன்னுவாவின் காய்ந்த இலையில் ஆர்ட்டிமிசினின் நூற்றுக்கு ஒன்றைத் தொடுவதே அரிது. லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் ஜீவன் ரக்ஷா, சிம்-ஆரோக்யா என்ற வளமான ரகங்களை வெளியிட்டது. செடியில் பாலம் உருவாகும் முறையே ருசிகரமானது: இலையின் நுண்சுரப்பிகளில் இருக்கும் முன்னோடிச் சேர்மத்தை, வெயிலால் கிளர்ந்த ஆக்சிஜன் தாக்கி பெராக்சைடை அமைக்கிறது. அந்த ஒளிவினையையே ஆலையில் செய்துதான் 2013 முதல் ஈஸ்ட் வழிப் பாதிச் செயற்கை ஆர்ட்டிமிசினின் தயாரானது. செடியே வேண்டாம் என்ற வழியை அமெரிக்காவின் ஜோனதன் வெனர்ஸ்ட்ராம் திறந்தார். ஆர்ட்டிமிசினின் கூட்டின் மற்றெல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பெராக்சைடை மட்டும் அடமன்டேன் என்ற பருத்த கார்பன் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுவும் கொன்றது. பாலம்தான் மருந்து, மற்றது வெறும் பெட்டி என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் இல்லை. அப்படிப் பிறந்த ஆர்ட்டிரோலேனைப் பைப்பராகுயினோடு சேர்த்து ரான்பாக்ஸி நிறுவனம் 2012 ஏப்ரல் 25, உலக மலேரியா நாளில், இந்தியாவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் அந்த மூலக்கூறு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அழிந்தது. எளிதில் அறுகிற பிணைப்பு, அறுக வேண்டிய இடத்துக்குப் போகும் முன்பே அறுவதும் உண்டு.

கடைசியாக ஒரு பருவம். ரத்தத்திலுள்ள ஒட்டுண்ணிகளில் சில, கொசுவுக்காகவே ஆண், பெண் வடிவங்களாக முதிர்கின்றன. இளமையில் அவையும் ஹீமோகுளோபின் தின்பதால் ஆர்ட்டிசுனேட்டுக்குச் சாகும். ஃபால்சிபாரத்தில் முதிர்ந்து பிறைநிலா வடிவம் எடுத்தபின் தீனியை நிறுத்திவிடுகின்றன. பிணைப்பை அறுக்க ஹீம் இல்லை. நோயாளி காய்ச்சல் தெளிந்து எழுந்து நடமாடுவார். அந்தப் பிறைகள் இரண்டு மூன்று வாரம் தோலுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். கால்வாய்க்கரைக் குழியில் பிறந்து, பகலில் மாட்டுக்கொட்டகையில் ஒதுங்கி, இரவில் கடிக்க வரும் குலிசிஃபேசீஸ் பெண்கொசுவுக்கு அவ்வளவு அவகாசம் ஏராளம். எனவே இந்திய மருந்துக் கொள்கை கூட்டுமருந்தின் இரண்டாம் நாளில் பிரைமாகுயின் ஒருவேளை சேர்க்கிறது. உடல் எடை கிலோவுக்கு 0.75 மில்லிகிராம், பெரியவருக்கு 45.